துண்டு போட்ட முட்டை: ஒட்டுண்ணிக் குளவி வைக்கும் அடையாளத்தை நேரில் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

சேலத்தில் ஏற்காடு பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிப்பார்கள். துண்டைப் பார்த்ததும் அடுத்தவர் வேறு சீட்டைத் தேடிப் போவார். டிரைக்கோகிரம்மா என்ற முட்டை ஒட்டுண்ணிக் குளவி செய்வதும் இதுதான். அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கிறது. அந்த முட்டையின் மேல் தன் உடம்பிலிருந்து வரும் வேதிப்பொருளைப் பூசிவிட்டுப் போகிறது. அடுத்து வரும் குளவி உணர்கொம்பால் தொட்டுப் பார்க்கும். ஆள் வந்தாயிற்று என்று தெரிந்ததும் இறங்கிப் போய்விடும்.

இறங்கிப் போவதில் அதற்கு லாபம் இருக்கிறது. கசகசாவில் பாதி அளவுகூட இல்லாத முட்டைக்குள் இரண்டு தாய்களின் புழுக்கள் வளரச் சாப்பாடு கிடையாது. ஒன்று சாகும், அல்லது வெளிவருவதெல்லாம் நோஞ்சானாக வரும்.

கண்ணுக்குத் தெரியாத அந்தத் துண்டை லென்ஸும் தண்ணீரும் வைத்துப் பார்த்துவிடலாம். சேலம் அருகே அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் வீட்டு அறையில் பள்ளி மாணவர்களோடும், ஒட்டுண்ணி அட்டை (உள்ளே குளவி வளரும் அந்துப்பூச்சி முட்டைகளை ஒட்டி, வயலில் கட்டும் காகித அட்டை) தயாரிக்கக் கற்றுக்கொள்ள வருபவர்களோடும் இதைப் பல முறை செய்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஆட்கள் தடுமாறுவது கிட்டத்தட்ட ஒரே இடங்களில்தான். அந்த இடங்களைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. முதலில் நாள்காட்டி

வருபவர்களில் பலர் தேதியிலேயே தவறிவிடுகிறார்கள். ஒட்டுண்ணி அட்டையையும் புது முட்டையையும் ஒரே நாளில் வாங்கி வந்துவிடுவார்கள். அட்டையிலிருந்து குளவி வர இன்னும் நாலு நாள் இருக்கும். அதற்குள் முட்டை பழசாகி உள்ளே புழு உருவாகிவிடும். அப்படிப்பட்ட முட்டையைக் குளவி பல நேரம் ஒதுக்கும். அதைப் பார்த்து, அடையாளம் வேலை செய்கிறது என்று நோட்டில் எழுதிவிடுவார்கள். உண்மையில் குளவி ஒதுக்கியது பழைய முட்டையை.

அதனால் குளவி வெளிவரும் நாளை மையமாக வைத்து மற்றதை அமைக்க வேண்டும். அட்டை வாங்கும்போதே, என்றைக்குக் குளவி வரும் என்று கேட்டுப் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். குளவி முட்டையிட்டதிலிருந்து சுமார் 27 டிகிரி சூட்டில் 7 அல்லது 8 நாளில் அடுத்த தலைமுறை வெளிவரும்.

குளவி வரும் காலை நாள் 1. அன்று அவற்றுக்குத் தேன் கொடுத்து இணைசேர விடுகிறோம். அன்று மாலை அந்துப்பூச்சிகளை முட்டையிடும் டப்பாவில் விடுகிறோம். நாள் 2 அதிகாலை முட்டையை எடுத்து, அன்று காலையே பயிற்சி, அடையாளம் இடுதல், சோதனை மூன்றையும் முடிக்கிறோம். நாள் 6 வாக்கில் முட்டை கறுத்திருக்கிறதா என்று பார்க்கிறோம்; கறுத்தால் உள்ளே குளவி வளர்கிறது. நாள் 9, 10-இல் வெளிவரும் குளவிகளை எண்ணுகிறோம்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஹோமியோபதி மாத்திரை வரும் சிறு கண்ணாடிக் குப்பிகள் முப்பது, 10 முதல் 20 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஓவியக் கடையில் கிடைக்கும் மிக மெல்லிய தூரிகை இரண்டு, கறுப்பு அட்டை, வேலம்பிசின், தேன், பஞ்சு, மெல்லிய கறுப்புத் துணி, வெப்பமானி, கொதித்து ஆறிய தண்ணீர், அதைச் சொட்டாக ஊற்றும் குழல். செல்போன் கேமராவில் மாட்டும் பெரிதாக்கும் கிளிப் இருந்தால் இன்னும் நல்லது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

பிளாஸ்டிக் குப்பி வேண்டாம். தேய்த்தால் அதில் நிலைமின்சாரம் ஏறும். ரவைத் துகள் அளவுள்ள குளவி சுவரில் ஒட்டிக்கொண்டு தவிக்கும்.

அறையில் இருக்கக் கூடாதவற்றை இன்னும் கவனமாகப் பாருங்கள். கொசுவர்த்தி, கொசுவிரட்டி லிக்விட், சாம்பிராணி, கற்பூரம், சென்ட், கை கழுவும் சானிடைசர் எதுவும் முந்தின நாளிலிருந்தே கூடாது. ஒரு மாணவன் காலையில் போன் செய்து, "சார், குளவி முட்டைப் பக்கமே போக மாட்டேங்குது" என்றான். இரவு அதே அறையில் கொசு லிக்விட் எரிந்திருக்கிறது. பூச்சியைக் கொல்ல வடிவமைத்த மருந்து அது, குளவியும் பூச்சிதான். மேஜையின் நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். எறும்பு ஒன்று ஏறினால் அட்டை முழுவதும் போய்விடும்.

3. சூடும் வெளிச்சமும்

சேலத்தில் ஏப்ரல், மே பகலில் இதைச் செய்ய வேண்டாம். மாடி அறை 35 டிகிரியைத் தாண்டினால் குளவி முட்டையிடுவதை விட்டு, வெளியே போக வழி தேடி ஓடிக்கொண்டிருக்கும். கீழ்த்தளத்து அறை, காலை 6 மணி முதல் 10 மணி வரை, 25-இலிருந்து 28 டிகிரி: இதுதான் ஏற்ற நேரம். வெயில் காலத்தில் குப்பித் தட்டுக்கு அடியில் ஈரமணல் பரப்பிய மண்தட்டு வைத்தாலே சூடு நன்றாகக் குறையும்.

ஏற்காட்டில் இதற்கு நேரெதிர் சிக்கல். அங்கே உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர். மார்கழிக் காலையில் குளவி விறைத்து நிற்கும். மேலே ஏறாது, ஏறினாலும் துளைக்காது. அதை "ஒதுக்கியது" என்று எண்ணிவிடாதீர்கள். பக்கத்தில் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு 25 டிகிரி வரட்டும், அப்புறம் தொடங்குங்கள். முட்டை கறுக்கவும் குளவி வெளிவரவும் அங்கே கூடுதல் நாள் ஆகும். சேலத்துக் கணக்கை மலைக்குக் கொண்டு போனால் நாள் தவறும்.

டிரைக்கோகிரம்மா வெளிச்சத்தை நோக்கிப் போகும். ஜன்னல் பக்கம் குப்பியின் வாய் இருந்தால் முட்டையை விட்டுவிட்டு வாயிலேயே கூடும். வெளிச்சம் மேலிருந்து சமமாக விழும்படி வையுங்கள்.

4. முட்டையைத் தயார் செய்தல்

நாம் பயன்படுத்துவது அரிசி, கம்பில் வரும் கார்சீரா அந்துப்பூச்சியின் முட்டை. ஒட்டுண்ணி வளர்க்கும் ஆய்வகங்களில் இதைக் கம்புக் குருணையில் வளர்க்கிறார்கள். நீங்களே வளர்ப்பதென்றால் நாற்பது நாளுக்கு மேல் ஆகும். முதல் முறை செய்பவர்கள் வேளாண் துறை ஆய்வகத்திலோ சர்க்கரை ஆலைகளின் ஒட்டுண்ணி ஆய்வகத்திலோ கேட்டு அந்துப்பூச்சிகளையோ அன்று காலை முட்டையையோ வாங்கிக்கொள்வது நல்லது.

அடிப்பக்கம் கம்பி வலை உள்ள டப்பாவில் மாலையில் பூச்சிகளை விட்டு, கீழே வெள்ளைத் தாள் விரியுங்கள். காலையில் முட்டையும் செதில் தூளும் கலந்து விழுந்திருக்கும். முகத்தில் முகமூடி கட்டிக்கொண்டுதான் இதில் கை வைக்க வேண்டும். இந்தச் செதில் மூச்சுக்குள் போய்ப் போய் ஆய்வகத்தில் வேலை செய்பவர்களுக்கு இளைப்பும் ஒவ்வாமையும் வந்திருக்கின்றன. இரண்டு நாள்தானே என்று யாரையும் முகமூடி இல்லாமல் நான் விடுவதில்லை.

மெல்லிய சல்லடையில் சலித்து, தாளைச் சாய்த்து முட்டையை உருட்டி, செதிலை நீக்குங்கள். செதிலை ஏன் இவ்வளவு பொருட்படுத்த வேண்டும்? அந்துப்பூச்சிச் செதிலில் உள்ள பொருள்கள் குளவியை நிறுத்தித் தேடவைக்கும். பக்கத்தில் முட்டை இருக்கிறது என்பதற்கு அதுவே அதற்குத் துப்பு. ஒரு முட்டையில் செதில் ஒட்டியிருந்து, பக்கத்து முட்டை சுத்தமாக இருந்தால், குளவி முதலில் உள்ளதையே சுற்றும். நீங்கள் அடையாளத்தை அளப்பதாக நினைத்துக்கொண்டு அழுக்கை அளந்துகொண்டிருப்பீர்கள். ஆகவே எல்லா முட்டையும் ஒரே அளவு சுத்தமாக இருக்க வேண்டும்.

முட்டையைத் தண்ணீரில் கழுவிச் சுத்தம் செய்யும் பழக்கம் சிலருக்கு உண்டு. இந்த இடத்தில் வேண்டாம். தண்ணீர்தான் பின்னால் நம் முக்கியமான ஆயுதம். அதை இப்போதே எல்லா முட்டையிலும் பயன்படுத்திவிட்டால் பிறகு ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது.

ஆய்வகங்களில் முட்டையைப் புறஊதா விளக்கின் கீழ் வைத்து உள்ளே இருக்கும் கருவைச் செயலிழக்கச் செய்வார்கள். குளவிக்கு முட்டை அப்படியே பயன்படும். புழு மட்டும் பொரிக்காது. அந்த வசதி இருக்கும் இடத்தில் செய்து வாங்குங்கள். வீட்டில் விளக்கு வாங்கி முயல வேண்டாம், கண்ணுக்குக் கேடு. செய்யாத முட்டையானால் நாலைந்து நாளில் புழு பொரித்து மற்ற முட்டைகளைத் தின்னும். அந்த நாளில் தவறாமல் பார்த்து, வரும் புழுவைத் தூரிகையால் எடுத்துவிட்டால் போதும்.

பிசினைத் தண்ணீராகக் கரைத்து, கறுப்பு அட்டையில் ஊசி முனையால் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு முட்டையை நிறுத்துங்கள். புள்ளிக்குப் புள்ளி 3 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். நெருக்கி வைத்தால் குளவி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும்போது எதைத் தொட்டது என்று சொல்ல முடியாது. பிசின் முட்டையின் மேலே ஏறினால் அந்த முட்டையைக் கழித்துவிடுங்கள். குளவி தொட்டு அறிவது முட்டையின் தோலை. பிசின் மூடினால் அதற்கு ஒன்றும் தெரியாது.

அட்டையில் எண் எழுதப் பென்சில் மட்டும். பேனா மையின் வாசனையும் ஒரு குறுக்கீடுதான்.

5. குளவி வெளிவரும் நாள்

கறுத்த முட்டை அட்டையிலிருந்து விரல்நகம் அளவு வெட்டி ஒரு குப்பியில் போட்டு, கறுப்புத் துணியால் வாயைக் கட்டுங்கள். ஆண்கள் முன்னால் வெளிவந்து, பெண்கள் வந்ததும் அங்கேயே இணைசேரும். குப்பிச் சுவரில் தேனை ஊசி முனையால் ஒரு கீற்று இழுங்கள். சொட்டாக வைத்தால் குளவி அதில் மூழ்கிச் சாகும். இந்த ஒரு தவறால் மட்டும் எத்தனையோ குப்பிகளை இழந்திருக்கிறோம்.

ஆணையும் பெண்ணையும் உணர்கொம்பை வைத்துப் பிரியுங்கள். ஆணுக்கு அதில் நீண்ட மயிர்கள் இருக்கும். பெண்ணுக்கு முனை தடித்து, கதாயுதம்போல் இருக்கும். 20 மடங்கு லென்ஸில் தெளிவாகத் தெரியும். மாலையில் பெண்களைத் தனித்தனிக் குப்பிக்கு மாற்றி வையுங்கள். மாற்றும்போது தூரிகையால் அழுத்தாதீர்கள். காலிக் குப்பியை மேலே கவிழ்த்து வைத்தால் குளவி வெளிச்சத்தை நோக்கித் தானே ஏறும்.

6. பயிற்சி கொடுக்காமல் சோதிக்காதீர்கள்

ஆர்வத்தில் பலர் விடும் படி இது. புதிதாகப் பிறந்த குளவியை நேராக அடையாளமிட்ட முட்டைமேல் விட்டால், அது தயங்காமல் துளைத்து முட்டையிட்டுவிடலாம். ஈயின் புழுவுக்குள் முட்டையிடும் லெப்டோபிலினா என்ற இன்னொரு ஒட்டுண்ணிக் குளவியில் இதைத் தெளிவாகக் கண்டிருக்கிறார்கள். நல்ல புழுவில் ஒரு முறையும் முட்டையிடாத பெண், ஏற்கெனவே முட்டையுள்ள புழுவை எளிதாக ஏற்றுக்கொள்கிறது. நல்லதில் முட்டையிட்டுப் பழகிய பிறகுதான் வேறுபாடு காட்டுகிறது. காலி சீட்டையே பார்த்திராதவருக்குத் துண்டு போட்ட சீட்டும் சீட்டுதானே.

அதனால் நாள் 2 காலையில், சோதிக்கப் போகும் ஒவ்வொரு குளவிக்கும் தொடாத புது முட்டை ஐந்தாறு கொடுங்கள். ஒன்றிரண்டில் முட்டையிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு வேறு குப்பிக்கு மாற்றி, ஒரு மணி நேரம் தனியே விடுங்கள். அரை நாள் முட்டையோடு விட்டால் கையிருப்பு முட்டைகளை அது செலவழித்திருக்கும். அப்புறம் எந்த முட்டை கொடுத்தாலும் சுறுசுறுப்பு இருக்காது.

7. அடையாளமிட்ட முட்டையை உருவாக்குதல்

இங்கே அவசரப்படாமல் உட்காருங்கள். நமக்கு ஐந்து வகை முட்டை வேண்டும்.

முதல் வகை, எந்தக் குளவியும் தொடாதது. இரண்டாம் வகை, தொடாதது, ஆனால் தண்ணீரில் கழுவியது. மூன்றாம் வகை, குளவி மேலே நடந்தது மட்டும், துளைக்கவில்லை. நான்காம் வகை, குளவி முட்டையிட்டது. ஐந்தாம் வகை, குளவி முட்டையிட்டு, பிறகு கழுவியது.

நான்காம் வகைக்கு ஒரு முட்டையுள்ள அட்டைத் துண்டைக் குப்பியில் போட்டு ஒரே ஒரு குளவியை விடுங்கள். அது ஏறி, உணர்கொம்பால் தட்டித் தட்டி முட்டை முழுவதும் நடக்கும். அந்த நடையிலேயே முட்டையின் அளவைக் கணித்து, எத்தனை முட்டை வைக்கலாம் என்றும் முடிவு செய்கிறது. கார்சீரா முட்டை சின்னது என்பதால் பெரும்பாலும் ஒன்று, சில நேரம் இரண்டு. பிறகு ஓரிடத்தில் நின்று, வயிற்றின் முனையைத் தாழ்த்தி, முட்டையிடும் ஊசியை இறக்கும். அசையாமல் நிற்கும் அந்த நேரத்தை விநாடிக் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். ஊசியை எடுத்துவிட்டு முட்டையை விட்டு இறங்கியதும் குளவியை அப்புறப்படுத்துங்கள். இறங்கும் முன் எடுத்தால் வேலை பாதியில் நின்றிருக்கும். இறங்கி வெகுநேரம் விட்டுவைத்தால் அது திரும்பி வந்து மறுபடி நடக்கும், அடையாளம் இரட்டிப்பாகும்.

மூன்றாம் வகைதான் கைத்திறமை கேட்பது. குளவி ஏறி நடந்துகொண்டிருக்கும்போது, வயிற்றைத் தாழ்த்தும் முன்பே தூரிகை முனையால் மெதுவாகத் தள்ளிவிட வேண்டும். பத்துக்கு நாலு சரியாக வந்தாலே நல்ல கை. இந்த வகையை விட்டுவிடலாமே என்று கேட்பார்கள். விட வேண்டாம். பூச்சியியலாளர் ஜார்ஜ் சால்ட் 1937-இல் டிரைக்கோகிரம்மாவின் இன்னொரு இனத்தில் காட்டியது இதைத்தான்: ஒரு பெண் நடந்துபோன முட்டையைக்கூட அடுத்த பெண் அறிந்துகொள்கிறது, தண்ணீரில் கழுவினால் அந்தச் சுவடு போய்விடுகிறது. அடையாளம் ஊசி வழியாக மட்டும் வருவதில்லை, உடம்பு பட்ட இடத்திலேயே இருக்கிறது என்பதை உங்கள் மேஜையில் காட்டுவது இந்த மூன்றாம் வகை முட்டைதான்.

எல்லாக் குளவியும் இப்படியே செய்வதில்லை. டெலினோமஸ் வகைக் குளவிகள் முட்டையிட்டு முடித்ததும், ஊசி முனையை முட்டையின் தோல்மேல் இழுத்துப் பூசுகின்றன. ஆமணக்கு இலையில் புரோடீனியா என்ற அந்துப்பூச்சியின் முட்டைக் குவியல்மேல் கறுப்பாகச் சிறு குளவி நின்றால் லென்ஸை எடுத்துப் பாருங்கள். புழுவைத் தாக்கும் சில குளவிகளில் அடையாளப் பொருள் ஊசியின் அடியில் உள்ள டுஃபோர் சுரப்பியிலிருந்து வருகிறது. இந்த வழிகாட்டியின் படிகளை அவற்றுக்கு அப்படியே பொருத்த முடியாது.

8. கழுவுதல்

ஐந்தாம் வகை முட்டைமேல், குளவி இறங்கிய பத்து நிமிடத்துக்குப் பிறகு, குழலால் ஒரு சொட்டு தண்ணீர் வையுங்கள். பிசின் இளகி முட்டை சொட்டில் மிதக்கும். தூரிகை நுனியால் மெதுவாக உருட்டி, சொட்டை உறிஞ்சி எடுத்துவிட்டு, புதுச் சொட்டு வையுங்கள். இப்படி மூன்று முறை. முதல் சொட்டிலேயே நிறுத்தினால், கரைந்த பொருள் அந்தத் தண்ணீரோடு மறுபடி முட்டைமேலேயே காயும். பிறகு முட்டையை வடிதாளில் வைத்து உலர்த்துங்கள்.

சோப்பு வேண்டாம், ஸ்பிரிட் வேண்டாம். ஸ்பிரிட் முட்டையையே கெடுத்துவிடும். குளவி ஒதுக்கினால் காரணம் எது என்று தெரியாது.

இரண்டாம் வகையான தொடாத முட்டையையும் இதேபோல் மூன்று சொட்டில் கழுவ வேண்டும். இதைத்தான் பத்தில் எட்டுப் பேர் மறக்கிறார்கள். கழுவிய முட்டையைக் குளவி வேறுவிதமாக நடத்தினால், அதற்குக் காரணம் அடையாளம் போனதா, அல்லது தண்ணீர் பட்டதா? தொடாமல் கழுவிய முட்டை மட்டும்தான் அதற்குப் பதில் சொல்லும். அதைக் குளவி வழக்கம்போல் ஏற்றுக்கொண்டால் உங்கள் தண்ணீரும் கையும் சரி. அதையும் ஒதுக்கினால் அன்றைய கழுவல் முழுவதையும் விட்டுவிட்டு, மறுநாள் புதிதாகத் தொடங்குங்கள்.

எல்லா வகையையும் ஒரே மாதிரி புது அட்டைக்கு மாற்றி ஒட்டுங்கள். கழுவாதவற்றை ஊசியால் உலர்ந்த பிசினோடு பெயர்த்து எடுக்கலாம். சில உடையும், அதனால் தேவையைப் போல இரண்டு மடங்கு தயார் செய்யுங்கள். கழுவியவை மட்டும் புது அட்டையிலும் மற்றவை பழைய அட்டையிலும் இருந்தால், பழைய அட்டையில் உள்ள காலடிச் சுவடும் கணக்கில் புகுந்துவிடும்.

9. சோதனை

ஒவ்வொரு வகையிலும் இரண்டு, ஆகப் பத்து முட்டை ஒரு அட்டையில். வரிசையாக வகை பிரித்து வைக்காதீர்கள், கலந்து வையுங்கள். பயிற்சி பெற்ற ஒரு குளவியை விடுங்கள். பத்து நிமிடம்.

அட்டையை அடுக்குபவரும் குளவியைப் பார்ப்பவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும். ஒரு பிளஸ் ஒன் மாணவி தானே அடுக்கித் தானே எண்ணினாள். நான்காம் வகையில் குளவி இரண்டு விநாடி நின்றாலும் "ஒதுக்கியது" என்றும், முதல் வகையில் அதே இரண்டு விநாடிக்கு "ஆராய்ந்தது" என்றும் எழுதியிருந்தாள். அவளுக்குப் பொய் சொல்லும் எண்ணமே இல்லை. விடை தெரிந்த கண் அப்படித்தான் பார்க்கும். தங்கையை அடுக்கச் சொல்லிவிட்டு மறுபடி செய்தபோது வந்த எண்கள் வேறு.

ஒவ்வொரு சந்திப்புக்கும் நாலு சொல்லில் ஒன்றை எழுதுங்கள்: தொட்டு விலகியது, ஏறி விலகியது, துளைத்துச் சீக்கிரம் விலகியது, துளைத்து நின்றது. எழுதிக்கொண்டிருந்தால் கண் தவறும். போனில் குரலைப் பதிவு செய்துவிட்டுப் பிறகு எழுதலாம். துளைத்ததெல்லாம் முட்டையிட்டது ஆகாது என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு குளவிக்கு ஓர் அட்டை, அதற்குமேல் பயன்படுத்தாதீர்கள். முதல் குளவி நடந்த அட்டையில் இரண்டாவதை விட்டால், தொடாத முட்டை என்று நீங்கள் நினைப்பது ஏற்கெனவே தொட்டதாகியிருக்கும். ஒரு காலையில் ஐந்தாறு குளவிதான் முடியும். இருபது குளவியாவது சேர்ந்த பிறகு முடிவு பேசுங்கள்.

என்ன எதிர்பார்க்கலாம்? நான்காம் வகையை உணர்கொம்பு பட்டதுமே விட்டு விலகுவது அதிகம் இருக்கும். மூன்றாம் வகையிலும் தயக்கம் தெரியும். ஐந்தாம் வகைதான் மனதில் நிற்பது. கழுவியதால் குளவி ஏமாந்து ஏறும், ஊசியையும் இறக்கும். பிறகு பல நேரம் முட்டையிடாமலே எடுத்துக்கொள்ளும். மேலே இருந்த துண்டு போய்விட்டது, ஆனால் சீட்டில் ஆள் இருக்கிறார் என்பது ஊசி உள்ளே போனதும் தெரிந்துவிடுகிறது. ஆக இரண்டு காவல்: ஒன்று வெளித்தோலில், ஒன்று உள்ளே. அந்த ஊசி வெளியே வரும் கணத்தை லென்ஸில் முதல் முறை பார்க்கும் யாரும் சத்தம் போடாமல் இருந்ததில்லை.

நூற்றுக்கு நூறு ஒதுக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடையாளம் தடை போடுவதில்லை, சேதி சொல்கிறது. நல்ல முட்டை பக்கத்தில் இருக்கும்வரை குளவி அதை மதிக்கும்.

10. தன் துண்டா, பிறர் துண்டா

முதல் சுற்று சரியாக வந்த பிறகு மட்டும் இதற்கு வாருங்கள். அடையாளமிட்ட அதே குளவியிடமே அந்த முட்டையைத் திருப்பிக் கொடுத்து, வேறு குளவியிடம் கொடுத்ததோடு ஒப்பிடலாம்.

இந்தக் கேள்விக்கு நம் சேலத்து வயலிலேயே ஓர் ஆள் இருக்கிறது. 2020-இல் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி நம் மாவட்டத்து மரவள்ளியையும் கருக்கியது. அதை அடக்க அனாகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வயலில் விட்டார்கள். இந்தக் குளவி தான் முட்டையிட்ட மாவுப்பூச்சியையும் இன்னொரு குளவி முட்டையிட்டதையும் வேறுபடுத்தி அறிகிறது என்று 1992-இல் வெளியான ஆய்வு காட்டியது. தன் பிள்ளை இருக்கும் இடத்தில் இன்னொரு முட்டை வைத்தால் தன் பிள்ளைக்கே போட்டி; பிறர் பிள்ளை இருக்கும் இடத்தில் வைத்தால் வெல்ல ஒரு வாய்ப்பாவது உண்டு. அதனால் வேறுபடுத்துவதில் பொருள் இருக்கிறது. ஆனால் மாவுப்பூச்சி, முட்டைபோல ஒரே இடத்தில் நிற்காது, உதறும், நகரும். கை பழகாமல் அதில் தொடங்க வேண்டாம்.

11. சரிபார்த்தல்

மூன்று நான்கு நாளில் குளவிப் புழு உள்ளே வளர்ந்து முடியும்போது முட்டை கறுக்கும். நான்காம் வகை முட்டைகள் கறுத்தால், முதல் குளவி உண்மையிலேயே முட்டையிட்டது என்று பொருள். கறுக்காவிட்டால் அந்த முட்டையின் பதிவைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்; அதன்மேல் நீங்கள் நினைத்த நிகழ்வு நடக்கவேயில்லை.

கறுமையை வைத்து, இரண்டு பேர் முட்டையிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஒருவர் இட்டாலும் கறுப்பு, மூவர் இட்டாலும் கறுப்பு. அதைச் சொல்வது வெளிவரும் குளவிகள். ஒவ்வொரு முட்டையையும் தனிக் குப்பியில் வைத்து எண்ணுங்கள். சிறுத்து, சிறகு சுருங்கி, நடக்கத் தள்ளாடும் குளவிகள் வந்தால் உள்ளே நெருக்கடி இருந்திருக்கிறது. இணைசேராத தாயின் முட்டையிலிருந்து ஆண்கள் மட்டுமே வரும். அதை நெருக்கடியின் விளைவு என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

12. அட்டை தயாரிப்பவர்களுக்கு

குளவி இப்படித் தானே ஒதுங்கிக்கொள்ளும் என்றால், எத்தனை குளவி விட்டாலும் பரவாயில்லையே என்று அட்டை தயாரிக்கப் புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். இதை நான் வருத்தத்தோடு பார்க்கிறேன். ஏனென்றால் அதன் விலையைக் கொடுப்பவர் கரும்பு விவசாயி.

பஸ்ஸில் எல்லா சீட்டும் நிரம்பிவிட்டால் துண்டை யார் மதிப்பார்கள்? நல்ல முட்டை தீர்ந்த பிறகு, வயிற்றில் முட்டையோடு நிற்கும் குளவி அடையாளமிட்ட முட்டையிலும் இட்டுவிடும். அட்டை பார்க்கக் கறுகறு என்று அருமையாக இருக்கும். வயலில் கட்டினால் வெளிவருவது பறக்க முடியாத குளவி. கரும்புத் தண்டைத் துளைக்கும் இடைக்கணுப் புழுவின் முட்டையைத் தேடி அடுத்த சோகைக்குக்கூட அது போகாது.

ஆறு பங்கு புது முட்டைக்கு ஒரு பங்கு தாய் அட்டை (குளவிகள் வெளிவரப்போகும் அட்டை) என்ற அளவை ஆய்வகங்கள் வைத்திருப்பது இதற்காகத்தான். குளவி ஏராளமாக வந்திருக்கிறதே என்று புது முட்டையைக் குறைக்காதீர்கள். ஒரு நாளுக்கு மேல் ஒரே அட்டையைக் குளவிகளோடு விட்டுவைக்கவும் வேண்டாம். விற்கும் முன் ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு சிறு துண்டை வெட்டி, குளவி வரவிட்டு, சிறகைப் பாருங்கள். கரும்பில் இடைக்கணுப் புழுவுக்கு நாலாம் மாதத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஹெக்டேருக்கு 2.5 சி.சி. (கன சென்டிமீட்டர்) ஒட்டுண்ணி முட்டை என்று ஆறு முறை கட்டச் சொல்கிறார்கள். ஆறு முறையும் நோஞ்சான் குளவி போனால் அந்த விவசாயி அடுத்த வருஷம் மருந்துக் கடைக்குத்தான் போவார்.

13. முடித்த பின்

மிஞ்சிய குளவிகளைச் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் தோட்டத்தில் விட்டுவிடுங்கள். தக்காளி, கரும்பு, ஆமணக்கு எதுவானாலும் சரி, சமீபத்தில் மருந்து அடிக்காத இடமாக இருக்க வேண்டும். பயன்படுத்தாத கார்சீரா முட்டைகளையும் பொரித்த புழுக்களையும் குப்பையில் போடாதீர்கள். கொதிநீரில் போட்டுக் கொன்ற பிறகு கொட்டுங்கள். முட்டையிடும் டப்பாவையும் அடிவலையையும் அதே நீரில் ஊறவைத்து வெயிலில் காயவையுங்கள். ஒரு ஜோடி அந்துப்பூச்சி தப்பினாலும் அடுத்த மாதம் சமையலறை அரிசி டின்னில் நூல் கட்டியிருக்கும்.

குப்பிகளை வெந்நீரில் கழுவி, இரண்டு நாள் வெயிலில் வைத்த பிறகே அடுத்த சுற்றுக்கு எடுங்கள். பழைய காலடி ஒன்று கண்ணாடியில் மிஞ்சியிருந்தாலும், அடுத்து வரும் குளவி அதைப் படித்துவிடும்.